நன்றி, பெற்றுக்கொண்டோம்

உங்கள் விசாரணைக்காக நிபுணர் எழுதிய அறிக்கையில் ஒரு தவறு இருக்கிறது, மேடம். அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். காபிக்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. நகராட்சி அலுவலகத்திலும் இப்படித்தான் போடுவார்கள்.

தவறு இதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை, தொட்டிக் குன்று சரிந்த நேரத்தில், நான் செய்த எச்சரிக்கை இணையப் பக்கம் சுமை தாங்காமல் விழுந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். 'எடை குறைந்த சட்டகத்தில் அவசரமாகக் கட்டப்பட்டது' என்றும் எழுதியிருக்கிறார். 'எடை குறைந்த' என்பதைத் திட்டுவதைப் போல எழுதியிருக்கிறார். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீங்கள் கணினித் துறையில் இருப்பவர் அல்ல, அதனால் சொல்கிறேன். இணையத்தில் ஒரு பக்கம் கட்ட வேண்டுமானால் யாரும் மண் பிசைவதிலிருந்து தொடங்குவதில்லை. ஆயத்தச் சட்டகங்கள் கிடைக்கும். பெரிய சட்டகம் என்றால் கட்டி முடித்த அடுக்குமாடி மாதிரி. காவலாளி, லிஃப்ட், நீச்சல்குளம் எல்லாம் அதிலேயே இருக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும். எடை குறைந்த சட்டகம் என்றால் நான்கு கால், ஒரு கூரை. கதவு வேண்டுமா, நீ வை. பூட்டு வேண்டுமா, நீ வை. நீ வைக்காதது எதுவும் அங்கே இருக்காது. என் வயதுக்கு எனக்கு அதுதான் பிடித்தது. முப்பது வருடம் நகராட்சிக் கணினிப் பிரிவில் மற்றவர்கள் கட்டி வைத்த குப்பையைப் பெருக்கியவள் நான். ஒரு தடவையாவது எல்லா வரியும் நான் எழுதியதாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

முன்பு ஒரு பெரிய கம்பெனி ஒரு பெரிய முறைமையைச் செய்து கொடுத்திருந்தது. மழை பெய்தால் திறக்காது, வெயில் அடித்தால் திறக்கும். குன்றில் இருப்பவர்கள் எதையாவது தெரிவிக்க வேண்டுமானால் அடையாள எண், பிறந்த தேதி, அம்மா பெயர் எல்லாம் கேட்கும். அம்மா பெயரை எழுதி முடிப்பதற்குள் வீடு கீழே போய்விடும். நான் செய்தது ஒரே பக்கம். தெருப் பெயர், என்ன நடக்கிறது, அனுப்பு. அவ்வளவுதான். அனுப்பியவுடன் 'நன்றி, பெற்றுக்கொண்டோம்' என்று பச்சை எழுத்தில் வரும். ஒரே தெருவிலிருந்து அடுத்தடுத்துச் செய்திகள் வந்தால் கம்பத்தில் இருக்கும் சைரன் தானாக ஊதும். நகராட்சிச் செயலர் அர்லிண்டோ என் தோளைத் தட்டி, "இத்தனை வருஷம் இவங்கள எங்க ஒளிச்சு வெச்சிருந்தோம்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அவர் அறைக்கு எதிர் அறையில்தான் இருந்தேன்.

மண் சரிவதற்கு முன் என்னென்ன தெரியும் என்று ஒரு துண்டுச்சீட்டும் நானே எழுதி வீடுவீடாகக் கொடுக்கச் சொன்னேன். முற்றத்தில் விரிசல் விழும். மரமும் கம்பமும் சாயும். சுவரடியில் சேற்றுத் தண்ணீர் வரும். கதவு சாத்த மாட்டேன் என்று அடம்பிடிக்கும். இந்தச் சீட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் மழையில் முதல் முறை சைரன் ஊதியது. எல்லாரும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கீழே பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். ஒன்றும் விழவில்லை. ஜனவரியில் இரண்டாம் முறை ஊதியது. அப்போதும் விழவில்லை. அந்த இரண்டு முறையும் குன்று உள்ளுக்குள் நகர்ந்திருந்தது என்று இப்போது சொல்கிறார்கள். அப்போது யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் முறைக்கு அடுத்த நாள் வால்டெசிரின் பார் வழியாகப் போனேன். வால்டெசிரை உங்களுக்குத் தெரியும், வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். குன்றுக் குடியிருப்போர் சங்கத் தலைவர். அன்று டோமினோ மேசையைச் சுற்றி அவருடைய ஆட்கள்.

"டோனா சுலெய்டி, அடுத்த வாட்டி ஊதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லிடுங்க. பீன்ஸ அடுப்புல வெச்சுட்டு ஓடினோம், திரும்பி வந்தா கரிக்கட்டையா இருந்துச்சு."

"அது சைரனே இல்லப்பா," என்றான் இன்னொருவன். "இவங்க வீட்டுக் குக்கரக் கம்பத்துல கட்டி விட்டிருக்காங்க."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வால்டெசிர் சொன்னார்: "நான் அந்தப் பக்கத்துல எல்லாம் எழுத மாட்டேம்மா. மண்ணு வந்துச்சுன்னா சட்டிய எடுத்துத் தட்டிக்கிட்டே ஓடுவேன். சட்டிக்கு இன்டர்நெட் வேண்டாம்."

எழுத மாட்டேன் என்று பத்து பேர் முன்னால் ஒருவர் ஏன் சொல்ல வேண்டும்? வீடு வரும்வரை இதையே யோசித்துக்கொண்டு நடந்தேன். தேர்தல் வருடம் அது. கவுன்சிலர் பதவிக்கு அவர் நிற்கப் போகிறார் என்று பேச்சு இருந்தது. 'நகராட்சி நம்மைக் கேலி செய்கிறது' என்று ஒருவர் மேடை ஏறுவதற்கு, சும்மா ஊதும் சைரனைவிட வசதியான விஷயம் வேறு என்ன இருக்கிறது?

அந்த வாரமே செயலர் கூப்பிட்டார். இந்த முறை தோளைத் தட்டவில்லை.

"சுலெய்டி, மூணாவது வாட்டியும் சும்மா ஊதிச்சுன்னா பழைய கம்பெனியக் கூப்பிட்டுடுவேன். மேயர் என்னத் தின்னுடுவாரு."

"செய்திகள் வந்தா ஊதுது, சார். வராம ஊதல."

"யாரு அனுப்பறாங்கன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. அன்று மதியம் பார்த்தேன். ஒவ்வொரு செய்தியும் எந்த இணைய முகவரியிலிருந்து வந்தது என்று என் பக்கம் குறித்து வைத்திருந்தது. முகவரி என்றால் நீளமான ஓர் எண். வீட்டுக்கு வீடு, போனுக்குப் போன் மாறும். இரண்டாம் சைரனுக்கு முன் வந்த செய்திகளை வரிசையாகத் திறந்தேன். மேல் தெரு, ஒரு முகவரி. படிக்கட்டுச் சந்து, அதே முகவரி. பாறைத் தெரு, அதே. எல்லாச் செய்திகளும் ஒரே இடத்திலிருந்து வந்திருந்தன.

செய்திகளைப் படித்தேன். 'கதவு சாத்த மாட்டேங்குது.' 'எங்க வீட்டுக் கதவு சாத்த மாட்டேங்குது.' 'முற்றத்துல விரிசல், கதவும் சாத்தல.' வேறு வேறு ஆட்கள் ஒரே வார்த்தையைச் சொல்வார்களா, மேடம்? ஒரே ஆள், ஒரே போன், ஒரே வார்த்தை. எனக்கு மனம் லேசாகிப்போனது. பயந்தது வீண். குன்றும் நகரவில்லை, என் பக்கமும் பொய் சொல்லவில்லை. பாரில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் குன்று முழுக்கவுமாக நடித்துக்கொண்டிருக்கிறார்.

அந்த முகவரி யாருடையது என்று தேடிப் பார்த்தாயா என்று கேட்பீர்கள். பார்க்கவில்லை. தெரிந்த ஒன்றை எதற்குத் தேடுவது?

துண்டுச்சீட்டில் அந்த வார்த்தையை எழுதியது நான்தான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. அதை உங்கள் உதவியாளர் சொல்லித்தான் தெரிந்தது என்று முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்படியே இருக்கட்டும்.

மூன்று வரி சேர்த்தேன். செய்தி அந்த முகவரியிலிருந்து வந்தால் கணக்கில் சேர்க்காதே, சைரனுக்குச் சொல்லாதே, வழக்கம்போல நன்றி சொல்லி அனுப்பிவிடு. ஏன் நன்றி என்றால், 'உன்னை ஏற்க மாட்டோம்' என்று சொன்னால் அந்த ஆள் உஷாராகி வேறு போனிலிருந்து எழுதுவார். நன்றி சொன்னால் திருப்தியாக இருப்பார். யாரையும் புண்படுத்த வேண்டாம் என்பது என் சுபாவம். நாலாவதாக ஒரு வரியும் போட்டேன். தூக்கி எறிவதற்கு முன் அந்தச் செய்தியை என் திரையில் ஒரு தடவை காட்டு என்று. வால்டெசிர் இன்னும் என்னென்ன கற்பனை செய்கிறார் என்று பார்க்கும் ஆசை. வேறு ஒன்றுமில்லை.

அன்றிலிருந்து குன்று அமைதியாகிவிட்டது. ஒரு செய்திகூடக் கணக்கில் ஏறவில்லை. ஒரே ஒருவரின் வாயை மூடியதும் ஒரு குன்றே வாய் மூடியது என்றால், பேசிக்கொண்டிருந்தது அவர் ஒருவர்தான் என்று தெளிவாகவில்லையா? செயலரிடம் சொன்னேன். "பாத்தியா, பாத்தியா" என்றார். திங்கட்கிழமை மேயருக்கு முன் என் பக்கத்தைக் காட்டலாம், பக்கத்து ஊர்களுக்கும் கொடுக்கலாம் என்றார்.

இனி ஜோசிமாரைப் பற்றி. எங்கள் அலுவலகத்தில் சர்வர் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன். இப்போது வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். முதல் சைரன் முடிந்த வாரம் என் மேசைக்கு வந்து ரொட்டியை மென்றுகொண்டே சொன்னான்:

"டோனா சுலெய்டி, உங்க பக்கத்துக்கு முன்னாடி ஒரு சர்வர் வாடகைக்கு எடுத்து வெச்சிருக்கேன். இனிமே யாரும் நேரா உங்ககிட்ட வர மாட்டாங்க. அந்த வாசல் வழியாத்தான் வருவாங்க."

"எதுக்கு?"

"கூட்டம் வந்தா அது தாங்கிக்கும். ஆனா நீங்களும் ஒரு வரி சேக்கணும். இல்லன்னா உங்களுக்கு எல்லாருமே அந்த வாசல்லேருந்து வர்ற மாதிரிதான் தெரியும். பெரிய சட்டகமா இருந்தா கம்பெனிக்காரன் கூடவே எழுதிக் குடுத்திருப்பான். உங்களோடது நீங்க சொன்னாத்தான் செய்யும்."

"சேக்கறேன்," என்றேன். "சட்டையில ரொட்டித்தூள் கொட்டுது பார்."

சேர்க்கவில்லை. மறந்துவிட்டேன். இதைத்தான் நான் முதல் வாக்குமூலத்தில் மறதி என்று எழுதிக் கொடுத்தேன். அது பொய்யில்லை. ஜனவரி முடியும்வரை அது மறதிதான்.

சரிந்த மறுநாள் பயத்தில் ஜோசிமார் அந்த வாசல் சர்வரை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தான். அதில்தான் நீங்கள் அவன்மேல் சந்தேகப்பட்டீர்கள். நியாயமான சந்தேகம். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அவனைத்தான் பிடித்திருப்பேன். எதற்காக அழித்தாய் என்று கேட்டால் அழுகிறானாமே. அவனுக்கு ஒன்றும் தெரியாது. என் நான்கு வரிகளையும் குன்று சரிந்த ஞாயிறு சாயங்காலமே நான் எடுத்துவிட்டிருந்தேன். என் பக்கத்தை உங்கள் நிபுணர் திறந்தபோது அது சுத்தமாக இருந்தது. தூக்கி எறிந்தவை எங்கேயும் பதிவாகாததால் அந்த ஞாயிறு செய்திகள் வந்த அடையாளமே இல்லை. அதனால் 'வரவே இல்லை, பக்கம் விழுந்துகிடந்தது' என்று முடிவு கட்டினார். பிழைத்தவர்கள் போனைக் காட்டி, 'நன்றின்னு வந்துச்சே' என்றார்கள். பழைய பக்கம் போனிலேயே தங்கியிருக்கும், அதைத்தான் பார்த்திருப்பார்கள் என்று எழுதிவிட்டார். படித்தவர்கள் இப்படித்தான், கண்ணெதிரே இருப்பவர்களை நம்ப மாட்டார்கள்.

சனிக்கிழமைக்கு வருகிறேன்.

சந்தையில் டோனா குஸ்டோடியாவைப் பார்த்தேன். மேல் தெருவில் கடைசி வீடு. சீஸ் உருண்டை சுட்டு விற்பவர். என் அம்மாவின் சவ ஊர்வலத்துக்கு ஒரு கூடை நிறையச் சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தவர். என்னை மகளே என்றுதான் கூப்பிடுவார். அவர் யாரைக் கூப்பிட்டாலும் அப்படித்தான்.

"மகளே, உன் பக்கத்துல எழுதினேன். பேரன்தான் போன்ல எப்படி அமுக்கறதுன்னு சொல்லிக் குடுத்தான். நன்றின்னு வந்துச்சு."

"என்ன எழுதினீங்க?"

"கதவு சாத்த மாட்டேங்குதுன்னு. மூணு தடவ எழுதிட்டேன். மூணு தடவையும் நன்றின்னு வந்துச்சு. சரி, சுலெய்டி பாத்துக்கிட்டிருக்கா, வேணும்னா ஊதுவான்னு இருக்கேன். வால்டெசிர் வேற, 'பொட்டியக் கட்டு, தங்கச்சி வீட்டுக்குப் போ'ன்னு உசுர வாங்கறான். நான் சொன்னேன், உன் சட்டிய நம்பறதவிட நான் அந்தப் பொண்ண நம்பறேன்னு."

எனக்கு முதலில் என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன். வால்டெசிர் இந்தக் கிழவியையும் பிடித்துவிட்டார் என்று தோன்றியது. அவரே அனுப்பிய ஆள், என்னை நோட்டம் பார்க்க. அப்படித்தான் நினைத்துக்கொண்டு கீரை வாங்கினேன். வீட்டுக்கு வந்து கீரையை ஆய உட்கார்ந்தபோது கை நின்றுவிட்டது. என் போனை எடுத்து, வீட்டு இணைப்பை அணைத்துவிட்டு, சிம் கார்டு வழியாக என் பக்கத்துக்குள் போனேன். மேல் தெரு என்று எழுதினேன். கதவு சாத்த மாட்டேங்குது என்று எழுதினேன். அனுப்பினேன்.

நன்றி, பெற்றுக்கொண்டோம்.

மடிக்கணினித் திரையில் என் செய்தி வந்தது, தூக்கி எறியப்பட்ட செய்தியாக. வால்டெசிரின் முகவரியிலிருந்து.

ஜோசிமார் ரொட்டி மென்றுகொண்டே சொன்னது ஒரு சொல் விடாமல் நினைவுக்கு வந்தது. நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். கீரையை ஆய்ந்து முடித்தேன்.

அவசரப்பட்டு எதையும் செய்யக் கூடாது என்பது என் வழக்கம், மேடம். அந்த வரிகளை எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். செய்திகள் கணக்கில் ஏறும். சைரன் உடனே ஊதும். ஊதி, குன்று விழாவிட்டால் மூன்றாம் முறை. திங்கட்கிழமை மேயர் முன்னால் பழைய கம்பெனிக்காரன் உட்கார்ந்திருப்பான். பாரில் குக்கர் விசில் அடித்துக் காட்டுவார்கள். ஊதி, குன்று விழுந்துவிட்டால், இத்தனை நாளாக ஏன் ஊதவில்லை என்று கேட்பார்கள். இரண்டு பக்கமும் எனக்கு வாசல் இல்லை. ஊதாமல் இருந்து, விழாமலும் இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும். திங்கட்கிழமை கூட்டம் முடிந்ததும் சத்தமில்லாமல் ஜோசிமார் சொன்ன வரியைச் சேர்த்துவிடலாம். இரண்டு நாள். வானிலைச் செய்தியில் மிதமான மழை என்றுதான் சொன்னார்கள். நான் என்ன, மழையையா கொண்டுவந்தேன்?

ஞாயிறு மதியம் மழை மிதமாக இல்லை.

சாப்பிட உட்கார்ந்தவள் தட்டோடு எழுந்து வந்து மடிக்கணினி முன் உட்கார்ந்தேன். செய்திகள் ஒவ்வொரு வரியாகத் திரையில் ஏறத் தொடங்கின. பாறைத் தெரு. மேல் தெரு. மேல் தெரு. படிக்கட்டுச் சந்து. விரிசல், சேறு, கம்பம், கதவு. முதலில் விட்டு விட்டு வந்தன, பிறகு கண் பின்தொடர முடியாத வேகத்தில். தூரத்தில் யாரோ எதையோ தட்டும் சத்தம் மழைக்குள் கேட்டது. சட்டி என்று தெரிந்துகொண்டேன். சட்டிச் சத்தத்தை நம்பியவர்கள் இறங்கி வந்தார்கள். அவர்கள் வெளியே பெஞ்சில் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்கள் போனைப் பார்த்தார்கள். நன்றி என்று வந்திருந்தது. சைரன் ஊதவில்லை. ஊத வேண்டுமென்றால் சுலெய்டி ஊதியிருப்பாள் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

என் விரல் எடுத்துவிடுவதற்குத்தான் போனது. அந்த நான்கு வரியை அழிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்கள் நிபுணரையே கேளுங்கள். போன விரல் நின்றுவிட்டது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை பேர் ஒரே நேரத்தில் வந்தும் பக்கம் ஒரு நொடி திணறவில்லை. பெரிய கம்பெனியின் முறைமையாக இருந்தால் முதல் பத்துப் பேரிலேயே படுத்திருக்கும். இது ஒவ்வொருவரையும் வாங்கியது, ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னது. அழகாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் தவறாக எடுத்துக்கொள்வீர்கள்.

கடைசியாக வந்த செய்தியைப் படித்தேன். பெயர் எழுதும் இடம் என் பக்கத்தில் கிடையாது, அது வேண்டாம் என்று நான்தான் வைக்கவில்லை. ஆனாலும் யார் என்று தெரிந்தது.

'மகளே, இப்ப கதவு திறக்க மாட்டேங்குது.'

அதற்குப் பிறகு மேல் தெருவிலிருந்து எதுவும் வரவில்லை.

ஜோசிமாரை விட்டுவிடுங்கள். அதுவும் நான் வந்த காரணம்தான் என்று எழுதிக்கொள்ளலாம். நான்கு வரிகளையும் இந்தப் பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். எங்கே இருந்தன என்று நானே காட்டுகிறேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள். அதற்கு முன் அறிக்கையில் அந்த இடத்தை மட்டும் அடித்துவிட்டுத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். பக்கம் விழவில்லை, மேடம். குன்று விழுந்தபோதும் அது நின்றுகொண்டுதான் இருந்தது. கேட்ட ஒவ்வொருவருக்கும், கடைசி ஆள்வரை, நன்றி சொல்லிக்கொண்டிருந்தது.